பூட்டிய வீட்டு மாவு

மடக்கிய விரல்களின் புறத்தால் மாவின் மீது ஒரு மெல்லிய அழுத்தம். விழுந்த பள்ளம் எழுந்து வருகிறதா என்று பார்க்க ஒரு மூச்சு நேரம். எழுந்தால் அந்த வட்டம் நீண்ட மரத்துடுப்பில் ஏறுகிறது. எழாவிட்டால் துணிக்கு அடியில் மறுபடி தூங்கப் போகிறது. துடுப்பு அடுப்பின் வாய்க்குள் நுழைந்து, மணிக்கட்டின் ஒரு சுண்டுதலில் வெறுமையாகத் திரும்புகிறது. முழங்கைவரை அந்தக் கைகளில் முடி இல்லை, நெருப்பு மழித்துவிட்டது. வலது சுட்டுவிரல் நகம் மட்டும் நீளமாக விடப்பட்டிருக்கிறது, வெந்த ரொட்டியின் அடியைச் சுரண்டிப் பார்ப்பதற்காக.

கைகளுக்கு உரியவர் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறார். கடலோரச் சலே நகரின் பழைய மதிலுக்குள், ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடத்தை ஒட்டிய அந்தக் கூடத்தில் அடுப்பின் வாய் தரைமட்டத்தில் இருக்கிறது. முன்னால் வெட்டிய குழியில் இறங்கி நின்றால்தான் கைக்கு உயரம் சரியாக வரும். சந்தில் போகிறவர்களின் கண்ணுக்குத் தரையிலிருந்து பாதியாக முளைத்த ஒரு மனிதர் தெரிவார். தலையில் வெள்ளைக் குல்லா, புருவத்தில் மாவு, முகம் எப்போதும் நெருப்புப் பக்கம். பெயர் கத்தூர். அவருக்குக் கால்களே கிடையாது என்று சத்தியம் செய்யும் சிறுமிகள் இந்தச் சந்தில் உண்டு.

வீடுகளில் பிசைந்து வட்டமாகத் தட்டிய மாவு, துணி போர்த்திய பலகையில் அவரிடம் வரும், ரொட்டியாகித் திரும்பும். எத்தனை பலகை வந்தாலும் ஒரு வீட்டு ரொட்டி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குத்து உண்டு. ஒரு வீட்டில் முள்கரண்டியால் இரண்டு வரி, ஒரு வீட்டில் சீப்பின் பல், ஒரு வீட்டில் சாவியின் முனை. மாவு உப்பிப்போகாமல் இருக்கக் குத்துகிற துளைதான்; அதுவே வீட்டின் அடையாளமும். ஆனால் கத்தூர் துளையை மட்டும் நம்புகிறவர் அல்ல. ஓரத்தை மடித்த விதத்தையும், உள்ளங்கை நடுவில் விட்டுப்போன சரிவையும் தடவியே வீட்டைச் சொல்லிவிடுவார். அதே வீட்டுப் பெண் தெருவில் எதிரே வந்து சலாம் சொன்னால், யார் என்று தெரியாமல் விழிப்பார்.

"மொகம் என்னத்துக்கு ஆகும்? நாளுக்கு ஒண்ணா மாறும். கை மாறாது" என்பது அவருடைய சமாதானம்.

பெண் தேடுகிறவர்கள் அவரிடம் வந்து மெதுவாக விசாரிப்பதுண்டு. "பொண்ண நான் பாத்ததில்ல. ரொட்டியப் பாத்திருக்கேன். கொஞ்சம் அவசரக்காரி, ஓரத்த சரியா மடிக்கமாட்டா. ஆனா மாவுல கஞ்சத்தனம் கெடையாது. தைரியமாக் கட்டுங்க" என்பார். ஒருமுறை பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டு ரொட்டி எப்படி என்று கேட்டார்கள். கத்தூர் துடுப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "அந்த வீட்டு ரொட்டியப் பத்தி நான் பேசறதா இல்ல" என்றார். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது.

இன்னொரு பழக்கம். ஒரு ரொட்டியை எடுத்து அடுத்ததைப் போடுவதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால், முதலில் இரும்புத் தகட்டை இழுத்து அடுப்பின் வாயை மூடிவிட்டுத்தான் பதில் சொல்வார். "வாயத் தொறந்து வச்சுட்டு ஒண்ணும் போடலன்னா, அது தானா எதையாவது கேக்கும்." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

நோய் வந்த வசந்தத்தில், ஊரடங்கின் முதல் வாரத்தில், கத்தூர் இழந்தது செருப்புச் சத்தத்தை. நெருப்பைப் பார்த்து நிற்கிற மனிதருக்கு முதுகுப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் செருப்பாகத்தான் வருவார்கள். இழுத்து நடக்கிற செருப்பு, தட்டி நடக்கிற செருப்பு. இப்போது பலகைகள் தாமாக வந்தன. மரம் கல்லில் உரசும் ஒலி கேட்கும். திரும்பினால் பலகை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயும் மூக்கும் மூடிய ஓர் உருவம் கண்களை மட்டும் காட்டிவிட்டு நகரும்.

கடல் மூட்டம் காலையில் சந்துக்குள் இறங்கினால் நண்பகல்வரை போகவில்லை. மீன்சந்தை மூடிவிட்டதால் பசித்த கடல்காகங்கள் கீழே இறங்கி நடந்தன. வாசல் வாசலாக நின்று, யாரோ விலாசம் விசாரிப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தன. பள்ளிவாசலின் அழைப்பு வழக்கம்போல வந்தது, உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்ற புதிய வரியோடு. அந்த வரியை முதல்முறை கேட்டபோது கத்தூர் துடுப்பை நிறுத்தினார். ஒரு ரொட்டி கருகியது.

ஹம்மாமும் மூடியிருந்தது. அங்கே பெண்களுக்கு முதுகு தேய்த்துவிட்டுப் பிழைத்தவள் மஹ்ஜூபா. அடுப்புக்கூடத்தின் மேலறையில் பிள்ளைகளோடு இருப்பவள். தோள்கள் அகன்றவள், நாக்கு அதைவிட அகலம். ஒரு காலை குழியின் விளிம்பில் வந்து நின்றாள்.

"கத்தூர் அண்ணே, கருகினது ஏதாவது இருந்தாக் குடு."

"கருக விட்டாத்தானே இருக்கும்?"

"அப்ப ரெண்டக் கருக விடு. உன் பெருமையா என் புள்ளைங்க வவுத்த நெரப்பும்?"

கத்தூர் எதையும் கருக விடவில்லை. மறுநாள் பலகை கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும், முகத்தைத் திருப்பாமலே, ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "நாளைலேருந்து ஒண்ணு கூடப் பிசையுங்க. அதுல மட்டும் உங்க வீட்டுக் குத்து வேணாம். மொட்டையா அனுப்புங்க."

மொட்டை ரொட்டிகளை அவரே ஓர் ஆணியால் நடுவில் ஒரே ஒரு குத்துக் குத்தி அடுப்பில் போட்டார். விருந்தாளி ரொட்டி என்று அதற்குப் பெயர் வந்தது. குத்து ஏன் கூடாது என்று மஹ்ஜூபா கேட்டாள்.

"இப்ப யாரு குடுத்தான்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வச்சுக்க. ஹம்மாம் தொறந்து அவ முதுக நீ தேய்க்கிறப்ப, ரெண்டு பேருக்குமே அது ஞாபகம் வரும்."

"வந்தா என்ன? இன்னும் நல்லாத் தேய்ப்பேன்."

"அதுதான் வேணாங்கறேன்."

விருந்தாளி ரொட்டிகளைக் கூடையில் அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு தினமும் கிளம்புகிறவள் மஹ்ஜூபாதான். வேலையிழந்த மற்ற ஹம்மாம் பெண்கள், ஊருக்குத் திரும்ப முடியாமல் சத்திரத்தில் மாட்டிக்கொண்ட சுமைகூலிகள், கினியிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் வந்து, காட்ட ஒரு காகிதம் இல்லாமல் மதிலோரத்து அறைகளில் அடைந்து கிடந்த இளைஞர்கள் என்று அந்தக் கூடையை நம்பி இருந்தவர்கள் பலர். வாசலில் வைப்பாள், கதவைத் தட்டுவாள், விலகிப் போவாள். திறக்கும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்ப்பதில்லை.

மொக்கதம் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அந்த வட்டாரத்துக்கு அரசாங்கத்தின் கண்ணும் காதுமான மனிதர் அவர். எந்த வீட்டில் யார், யாருக்கு வெளியே போக அனுமதி என்பதெல்லாம் அவர் சொல்படி. "இந்த அடுப்பு எரியறது என் தயவுல, தெரியுமில்ல? இங்கேருந்துதான் நோய் பரவுதுன்னு ஒரே ஒரு வீடு புகார் சொல்லட்டும். பூட்டப் போட்டுட்டுப் போய்ட்டே இருப்பேன்."

அடுப்பு அணைந்தால் கூடை காலி. கத்தூருக்கு அது தெரியும். மஹ்ஜூபாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சந்து முடிகிற இடத்து முட்டு வீடு லல்லா கெல்தூமுடையது. கணவர் இல்லை, மகன் பெல்ஜியத்தில். தையல்காரி. ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற உலோகத் தொப்பியால் ரொட்டியின் ஓரம் நெடுக வளையம் வளையமாக அழுத்துவது அவள் வீட்டுக் குத்து. பலகையைத் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்து, கத்தூரை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவாள். அவளை ஒரு காலையில் உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுத்தியவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மூட்டத்தில் அவர்கள் உடை கரைந்து, கட்டில் மட்டும் காற்றில் மிதந்து போவதுபோல இருந்தது.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?" என்று முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் சந்தைப் பார்த்துக் கேட்டது.

சன்னல்கள் பதில் சொன்னன. "யாருமில்ல. கெழவி தனியாத்தான் இருந்தா."

கதவுக்கு மருந்து தெளித்தார்கள். கதவின் வளையங்களில் சங்கிலி கோத்துப் பூட்டிவிட்டு, மொக்கதம் சாவியைத் தம் ஜெல்லாபா அங்கியின் உள்ளே போட்டுக்கொண்டார். சில நாளில் இறப்புச் செய்தி வந்தது. உடல் வரவில்லை. எங்கே அடக்கம் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்குச் சமைத்து அனுப்புகிற வழக்கம் உண்டு. அனுப்ப ஒரு வீடு இல்லை. சந்தில் ஒரு சாவு, துக்கம் விசாரிக்க வாசல் இல்லாமல் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு ஒரு காலை. நெருப்பை ஒதுக்கி, அடுப்பின் தளத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பிய கத்தூர், பின்பக்க மேடையில் ஒரு பலகை இருப்பதைக் கண்டார். ஆண்கள் நிற்கும் வாசலைத் தவிர்க்க விரும்பும் பெண்கள், மாடிவழியாக வந்து படியிறங்கிப் பலகை வைக்கிற மேடை அது. இந்த ஊரில் மொட்டைமாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அவை பெண்களின் தெரு. ஆண் அங்கே தலை காட்டுவதில்லை.

பலகையின் மேல் நீலக்கோடு போட்ட துணி. ஒரு மூலையில் கருகல். அந்தக் கருகல் அவர் துடுப்பு பட்டு வந்தது. அதற்காக லல்லா கெல்தூம் அவரைத் திட்டிய திட்டு சந்தின் கடைசிவரை கேட்டது.

துணியைத் தூக்கினார். ஓரம் நெடுக வளையங்கள்.

தொட்டார். ஓரம் உள்பக்கமாகச் சுருட்டி மடிக்கப்பட்டிருந்தது. சந்தில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான். நடுவில் இடப்பக்கமாகச் சாய்ந்த உள்ளங்கைப் பள்ளம். மாவு வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒரு கை அதைவிட்டு எழுந்து போனதுபோல. கடைசி வட்டம் மட்டும் மொட்டை. விருந்தாளிக்கு.

கத்தூர் தகட்டை மூடினார். பிறகு திறந்தார். வந்த மாவைத் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. சுட்டு எடுத்து, வளையமிட்டவற்றைத் துணி போர்த்தி அதே மேடையில் வைத்தார். மொட்டையை மஹ்ஜூபாவின் கூடையில் மற்றவற்றோடு போட்டார். தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது பலகை இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை நீலக்கோட்டுத் துணியிடம் மட்டும், "லல்லா, திட்டணும்னா நேரா வந்து திட்டிடு. இப்படிப் பேசாம இருக்காத" என்று மெல்லச் சொன்னார்.

கடைசியில் மஹ்ஜூபாவே கேட்டாள். "அண்ணே, மாடில யாரோ நடக்கிறாங்க. வெளுக்கறதுக்கு முன்னாடி. வெறுங்கால்."

"பூனையா இருக்கும்."

"பூனை நின்னு மூச்சு வாங்குமா?" என்றவளின் கண் பின்மேடைக்குப் போயிற்று. துணியைப் பார்த்தாள். கையிலிருந்த கூடை இறங்கியது. "அது செத்தவ துணி."

கத்தூர் தகட்டை மூடினார்.

"எத்தன நாளா வருது? சொல்லு. அப்ப நான் தூக்கிட்டுப் போனதுல அவ பிசைஞ்சதும் இருந்துச்சா? என் புள்ளைங்க தின்னுச்சா?"

"யாரு தின்னான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

மஹ்ஜூபா அண்ணாந்து, பிள்ளைகள் இருக்கும் மேலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு குழியின் விளிம்பில் குந்தி, குரலைத் தாழ்த்தினாள். "கேளு அண்ணே. நோய் வந்து பூட்டுன வீட்டு மாவு உன் அடுப்புல வேகுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு பலகை வராது. புகாரே வேணாம், பயமே போதும். மொக்கதம் பூட்டிட்டுப் போயிடுவாரு. சத்திரத்துல இருக்கிறவங்க சுவத்த நக்கணும். என் புள்ளைங்களும்தான். செத்தவளுக்கு ஒருத்திக்காக எங்க எல்லாரையும் சாகடிக்கப் போறியா?"

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பலகையைத் தொடவில்லை. மாவை நெருப்பிலும் போட முடியாது, குப்பையிலும் போட முடியாது. உணவாக வேண்டியதை எறிகிற கை இந்த ஊரில் யாருக்கும் இல்லை. பச்சை மாவாகவே துணியைப் போர்த்தி விட்டுவிட்டார். மதியம் பலகை இல்லை. எடுத்துப் போனவர் துணியைத் தூக்கிப் பார்த்த இடத்தில் மேடைமேல் மாவு உதிர்ந்திருந்தது.

அடுத்த காலை மறுபடி பலகை வந்தது.

இந்தமுறை துணியைத் தூக்குமுன்பே புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. வளையங்கள் இருந்தன, மடிப்பு இருந்தது. வட்டங்கள் சிறுத்திருந்தன. கத்தூர் ஒன்றைப் பிய்த்து விரல்களுக்கு நடுவே தேய்த்தார். தவிடு நெருடியது. உள்ளே இழையோடியது நேற்றைய மாவு. அவர் சுடாமல் விட்ட அதே மாவு. அது ராத்திரி பொங்கி, புளித்து, சரிந்து போயிருக்க வேண்டும். அதோடு சாக்கின் அடியில் கிடந்ததைச் சுரண்டிச் சேர்த்து, விடாப்பிடியாக மறுபடி பிசைந்து, மறுபடி தட்டி, ஒவ்வொன்றாக மறுபடி வளையம் குத்தியிருந்தது அந்தக் கை.

கடைசி வட்டம் அப்போதும் மொட்டையாகவே இருந்தது.

அதை அவர் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். அடுப்பின் வாய் திறந்தே கிடந்தது. அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பிறகு எல்லாவற்றையும் சுட்டுப் போர்த்தி மேடையில் வைத்தார்.

மதியம் பலகை அங்கேயே இருந்தது. மாலையிலும் இருந்தது. மறுநாள் காலை புதிய பலகை எதுவும் வரவில்லை. ரொட்டிகள் கல்லாகியிருந்தன.

மஹ்ஜூபா சாம்பிராணி மணக்க இறங்கி வந்தாள். முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. "நேத்து காலையில மறுபடி நடை கேட்டுச்சு அண்ணே. விடுவேனா? ஹம்மாம் பழைய கதவ ரெண்ட இழுத்துட்டுப் போயி மாடிச் சந்துல அடைச்சேன். உப்பத் தூவி, சாம்பிராணி போட்டேன். ராத்திரி பூரா சத்தமே இல்ல. ஓடிப்போச்சு."

"எது ஓடிப்போச்சு?"

"எதுவோ அது."

கத்தூர் ஒரு காய்ந்த ரொட்டியை உடைத்து அவள் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு."

"சீ, புளிக்குது."

"முந்தாநாள் மாவு. நீ சொன்னேன்னு நான் சுடாம விட்டது. அத எடுத்துட்டுப் போயி, தவிட்டச் சேத்து, திரும்பப் பிசைஞ்சு கொண்டாந்திருக்கு." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "செத்தவங்களுக்குப் பசிக்காது மஹ்ஜூபா. கெட்டுப்போன மாவ வீணாக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

மஹ்ஜூபா ரொட்டியையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்து தெளிவு வடிந்தது.

"லல்லா ஹம்மாமுக்கு ஒரு பொண்ணக் கூட்டிட்டு வருவா. இந்தக் குளிர்காலத்துலேருந்து. கினிக்காரி, காகிதம் இல்லாதவ, வீட்டோட வச்சிருந்தா. என்னை முதுகத் தொட விடமாட்டா, அதுதான் தேய்க்கும். 'என் கை நடுங்குது, மாவக்கூட நான் சொல்லிக்குடுத்தபடி இவதான் பிசையறா, இவ கைதான் இப்ப என் கை'ன்னு சொல்லிச் சிரிப்பா." நிறுத்தினாள். "பிந்தா. பிந்தான்னு கூப்புடுவா."

"சாக்குல மாவு இருந்திருக்கு. அடுப்பெரிக்க கேஸ் இருந்திருக்காது."

"வெள்ளச்சட்டக்காரங்க கேட்டாங்களே அண்ணே, உள்ள யாராவது இருக்காங்களான்னு. நாமதானே சொன்னோம்."

"நீயும் சொன்னியா?"

"என் சன்னலும் தொறந்துதானே இருந்துச்சு." அவள் அதற்குள் படிக்குத் திரும்பிவிட்டாள். "நான் போயி அந்தக் கதவ எடுக்கறேன். மாடி வழியா யாருக்கும் தெரியாம குடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"இன்னிக்கு நீ எடுப்ப. நாளைக்கு இன்னொருத்தி உப்பத் தூக்கிட்டு வருவா. பேயா இருக்கிற வரைக்கும் அவ மாடி வழியாத்தான் வந்தாகணும்."

கத்தூர் தன் வீட்டு மாவை எடுத்துப் பிசைய உட்கார்ந்தார். இத்தனை வருடமும் பிறர் பிசைந்ததைச் சுட்டவர், தாமாகப் பிசைந்ததில்லை. நீர் அதிகமாயிற்று, மாவு போட்டார், மாவு அதிகமாயிற்று. வட்டங்கள் வட்டமாக வரவில்லை. மஹ்ஜூபா எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இது ரொட்டியா, செருப்பா?" என்றாள். அவர் பள்ளம் எழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார்.

நீலக்கோட்டுத் துணி போர்த்திய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கத்தூர் சந்தின் நடுவில் நடந்தபோது மூட்டம் விலகத் தொடங்கியிருந்தது. ஒரு கடல்காகம் அவருக்கு முன்னால் நடந்து, முட்டு வீட்டின் வாசலில் நின்று, பறந்துபோனது. அந்தத் துணியைத் தெரியாத வீடு சந்தில் இல்லை. சன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

சங்கிலியைத் தூக்கிக் கதவில் மோதினார். பிந்தா என்ற பெயர் அவர் வாய்க்குப் பழக்கமில்லை. பழகிய பெயர்தான் வந்தது. "லல்லா கெல்தூம் வீடு! ரொட்டி ஆறுது!"

செத்தவளின் பெயர் சந்தின் இரு சுவர்களிலும் பட்டுத் திரும்பியது. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கி, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"கத்தூர் அண்ணே, புத்தி பிசகிப்போச்சா?" என்று மேலிருந்து ஒரு கிழக்குரல். "அந்த வீட்ல யாருமில்ல!"

"லல்லா கெல்தூம் வீடு!" என்றார் மறுபடி.

உள்ளே ஒன்றும் அசையவில்லை. மருந்து வாடை மட்டும் கதவின் அடியிலிருந்து குளிர்ந்து வந்தது. அவர் காதைக் கதவில் வைத்தார். அவருடைய மூச்சே அவருக்குத் திரும்பக் கேட்டது. பிறகு அது தன்னுடையது அல்ல என்று புரிந்தது. மரத்தின் மறுபக்கத்தில், அவர் காதிருந்த அதே உயரத்தில், யாரோ மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் செருப்புச் சத்தம். மஹ்ஜூபா. அவரை ஒதுக்கிவிட்டுக் கதவுக்கு வாயைக் கொடுத்தாள். "பிந்தா! நான்தான் புள்ள, ஹம்மாம் மஹ்ஜூபா. கதவ அடைச்சதும் நான்தான், உப்பு போட்டதும் நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன். தொற."

உள்ளே தாழ் விலகும் ஓசை. கதவு சங்கிலி விட்ட மட்டும் உள்ளே போயிற்று, ஒரு கை நுழையும் அகலம். அதற்குள் இருட்டு. இருட்டின் ஓரத்தில், மாவு காய்ந்து வெளுத்த விரல்கள் நாலு வந்து மரத்தைப் பற்றிக்கொண்டன.

சன்னல்களில் யாரோ அல்லாவின் பெயரைச் சொன்னார்கள். மஹ்ஜூபா இடுப்பில் கையை வைத்து அண்ணாந்தாள். "நல்லாப் பாத்துக்குங்க. அன்னிக்கு யாருமில்ல, யாருமில்லன்னு சொன்னீங்களே. அந்த யாருமில்ல இதுதான்."

"மொக்கதம் வந்தா என்னடி சொல்லுவ?" என்றது ஒரு சன்னல்.

"வரட்டும். அவரு வீட்டுப் பலகையும் இந்த அடுப்புக்குத்தானே வருது. பச்ச மாவத் தின்னுட்டுப் போகட்டும்."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. கிழக்குரல் மறுபடி கேட்டது, இந்தமுறை தாழ்ந்து. "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?"

இருட்டுக்குள்ளிருந்து வந்தது பதில், பேசிப் பல நாளான தொண்டையின் கரகரப்போடு. "இல்லம்மா. பசி."

பிறகு கிழவி தன் சன்னலிலிருந்து யாரிடமோ எரிச்சலாகச் சொன்னாள். "அப்பறம் சங்கிலி எதுக்கு? யாராவது போயி மொக்கதத்துகிட்டேருந்து சாவிய வாங்கிட்டு வாங்களேன்."

கத்தூர் பலகையைத் தோளிலிருந்து இறக்கினார். ஒரு கையால் அது நிற்கவில்லை. மஹ்ஜூபா மறுமுனையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். அவர் துணியை விலக்கி முதல் ரொட்டியை எடுத்து நீட்டினார். அது இடுக்கில் நுழையவில்லை. செங்குத்தாகத் திருப்பி, ஓரத்தை அந்த விரல்களுக்குக் கொடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை; சுட்டிருக்க வேண்டும். விரல்கள் பற்றிக்கொண்டன, ஆனால் இழுக்கவில்லை. அவர் தரும்வரை நின்றன. கத்தூர் மெல்லத் தம் பிடியைத் தளர்த்தினார்.